ஏமாற்றுப் புல்லும் எண்களும்

கோதுமை விதைத்த வயலில் வேறொரு புல் தலையசைத்து நின்றால் உழவர் என்ன நினைப்பார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க உழவர் பலர், கோதுமையே கெட்டுப் புல்லாக மாறிவிட்டது என்று உறுதியாக நம்பினர். விதைத்தது கோதுமை, விளைந்தது புல், இடையில் யாரும் வந்து புல்லை விதைக்கவில்லை. ஆகவே ஒன்று மற்றொன்றாக மாறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தப் புல்லுக்கு ‘சீட்’ என்ற பெயர் வழங்கியது. ‘ஏமாற்று’ என்பது அதன் பொருள்.

நடந்தது வேறு. விதைக் கோதுமையோடு புரோமஸ் செகாலினஸ் என்னும் புல்லின் விதையும் கலந்து வந்தது. கடுங்குளிரில் கோதுமைப் பயிர் மடிந்தது, புல் பிழைத்துக்கொண்டது. பயிர் மடிந்த இடமெல்லாம் அதற்குக் கிடைத்தது. உழவர்கள் கண்ணால் கண்டது பொய்யன்று. கண்டதிலிருந்து அவர்கள் எட்டிய முடிவுதான் பிழை. காட்சிக்கும் முடிவுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைக் கவனிப்பதுதான் அறிவியல் எழுத்தைப் படிப்போரின் முதற் கடமை. புரோமஸ் புற்களைப் பற்றி எழுந்துள்ள சில புகழ்பெற்ற எழுத்துகளை அந்தக் கண்ணோடு இங்கே பார்ப்போம்.

இயற்பியல் கற்பிப்பவர்க்குப் புல்லோடு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஓர் எண்ணை யார், எங்கே, எதைக் கொண்டு, எவ்வளவு காலம் அளந்தார் என்று கேட்பது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே கற்பிக்கப்படும் பாடம். புல்லைப் பற்றிய எண்ணுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

புல்லை அறிவோம்

புரோமஸ் என்பது நூற்றுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட புற்பேரினம். ஓட்ஸ் தானியத்துக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. குளிர்நாடுகளிலும் மிதவெப்ப நாடுகளிலும் வளரும் புற்கள் இவை. நமது கதாநாயகன் புரோமஸ் டெக்டோரம் என்ற இனம். 1753-இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். ‘டெக்டோரம்’ என்றால் ‘கூரைகளுக்குரியது’. ஐரோப்பாவில் வேய்ந்த கூரைகளின் மேல் முளைத்துக் கிடந்ததால் அப் பெயர் வந்தது. ஐரோப்பாவும் தென்மேற்கு ஆசியாவும் இதன் தாயகத்தைச் சேர்ந்தவை. ‘ஏமாற்று’ என்ற பழி தன் உறவினத்திடமிருந்து இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று அமெரிக்காவில் ‘சீட் புல்’ என்றால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். நாம் ஏமாற்றுப் புல் என்று அழைப்போம்.

முழங்கால் உயரத்துக்கு மேல் அரிதாகவே வளரும். மென்மயிர் படர்ந்த இலைகள். ஒரு பக்கமாகத் தொங்கும் கதிர்கள். நீண்ட கூர்நுனி கொண்ட விதைகள். ஓராண்டே வாழும் புல். இலையுதிர்கால மழையில் முளைக்கும். மற்றச் செடிகள் ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் மண்ணுக்குள் வேரை நீட்டிக்கொண்டே போகும். வசந்தத்தில் மற்றவை விழிக்கும்போது ஈரத்தைப் பெரும்பகுதி உறிஞ்சி முடித்திருக்கும். கிராண்ட் ஹாரிஸ் 1967-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேர்ப் போட்டியைத் தெளிவாகக் காட்டியது. கோடை தொடங்கும்போது விதையுதிர்த்து உலர்ந்து வைக்கோலாகிவிடும். சுற்றியுள்ள இயல்புற்கள் அப்போதும் பச்சையாயிருக்கும். இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரிய விளைவைத் தந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

களையாக மட்டுமின்றி ஆய்வுச் செடியாகவும் இது சிறந்தது. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனவே தாய்ச் செடியின் பண்புகள் பெரும்பாலும் மாறாமல் சேயிடம் வரும். ஒரே வகை விதையை ஆயிரக்கணக்கில் பெற்றுச் சோதனை செய்யலாம்.

அத்தகைய ஒரு சோதனை இயற்பியல் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். புதிதாக உதிர்ந்த விதை எளிதில் முளைக்காது. உலர்ந்த நிலையில் கோடை வெப்பத்தில் கிடந்து ‘பின்பக்குவம்’ அடைய வேண்டும். இதனை 1990-களில் ஆராய்ந்தவர்கள் வெப்பநிலையையும் காலத்தையும் பெருக்கி ஒரே அளவாக்கினர். கருத்து விளங்க ஓர் எளிய கணக்கு: 40 பாகை வெப்பத்தில் 10 நாளும் 20 பாகை வெப்பத்தில் 20 நாளும் விதைக்கு ஒன்றே, இரண்டிலும் பெருக்குத்தொகை 400. இத் தொகை ஏற ஏற, விதை குறைந்த ஈரத்திலும் முளைக்கும் திறன் பெறுகிறது. இவர்களின் மாதிரிக் கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? விதைகளை வயல் மண்ணில் வைத்து, அவ்வப்போது எடுத்து முளைக்கவிட்டு, கணக்கோடு ஒப்பிட்டனர். முன்கூட்டியே சொல்லி, பொய்யாகிப் போகும் வாய்ப்புக்குத் தன்னை உட்படுத்திக் கொண்ட கணக்கு இது. மற்ற எழுத்துகளையும் இந்த அளவுகோலால் அளப்போம்.

லியோபோல்டின் கட்டுரை

வனவியலாளரும் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஆல்டோ லியோபோல்டு எழுதிய ‘சாண்ட் கவுண்டி ஆல்மனாக்’ என்ற நூல், அவர் மறைந்த மறு ஆண்டில், 1949-இல் வெளியாயிற்று. ஏமாற்றுப் புல் மேற்கு மாநிலங்களைப் பிடித்துக்கொண்டது பற்றி அதில் ஒரு சிறு கட்டுரை உண்டு. அளவுக்கு மீறி மேய்க்கப்பட்டதால் இயல்பான கொத்துப்புற்கள் அழிந்தன. வெற்றிடத்தில் இப் புல் நுழைந்தது. அது எளிதில் தீப்பற்றுகிறது. மான்களுக்குக் குளிர்கால உணவான புதர்கள் அந்தத் தீயில் அழிகின்றன என்று படிப்படியாகச் சொல்கிறார். வசந்தத்தில் ஆடுகளுக்குத் தீவனமாகிறது, மண்ணரிப்பைத் தடுக்கிறது என்று புல்லின் பக்க நியாயத்தையும் மறைக்காமல் வைக்கிறார். அவரை வருத்தியது புல்லைக் காட்டிலும் மக்களின் மனநிலைதான். நிலம் நோயுற்றிருப்பதைப் பார்த்தும், ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று அவர்கள் பழகிப் போயிருந்தார்கள்.

இக் கட்டுரையின் பெருமை, குற்றத்தைப் புல்லின் தலையில் கட்டாமையே. கோதுமை உழவர்கள் செய்த பிழையை லியோபோல்டு செய்யவில்லை. மேய்ச்சல் முதலில், புல் பின்னால் என்ற வரிசையை அவர் கண்டுகொண்டார். குறையும் உண்டு. எண் ஒன்றும் இல்லை, வரைபடம் இல்லை, அவர் சொல்வதைச் சோதிக்க வாசகருக்கு வழியில்லை. நம்புகிறோம், ஏனெனில் நன்றாக எழுதியிருக்கிறார். நல்ல நடை சான்றாகிவிடுமா?

சான்றைத் தேடுவோம். நெவாடா மாநிலத்துப் பிரமிட் ஏரியின் நடுவே அனாஹோ என்றொரு தீவு உண்டு. கூழைக்கடாக்கள் கூடுகட்டும் இடம் என்பதால் 1913 முதல் சரணாலயமாக இருக்கிறது. மேய்ச்சல் அழிவுக்கு ஆளாகாத இத் தீவிலும் ஏமாற்றுப் புல் ஆதிக்கம் செலுத்துவதை 1991-இல் இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ‘மேய்ச்சலே காரணம்’ என்ற வாதத்துக்கு இயற்கை வைத்த எதிர்ச்சோதனை இது.

அப்படியானால் லியோபோல்டு தவறா? அவசரப்பட வேண்டாம். மேய்ச்சல் இல்லாமலும் புல் நுழையும் என்பதை அத் தீவு காட்டுகிறது. மேய்ச்சல் உதவவில்லை என்பதைக் காட்டவில்லை. தீப்பெட்டி இல்லாமலும் மின்னலால் தீப்பிடிக்கும். அதனால் தீப்பெட்டி குற்றமற்றதாகிவிடாது. 2013-இல் ரைஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் பல இடங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கொத்துப்புற்களும், மண்ணின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து படிந்த மேலோடும் அழியாமல் இருக்குமிடத்தில் ஏமாற்றுப் புல்லுக்கு இடம் குறைகிறது. மேய்ச்சல் அவ்விரண்டையும் குலைத்து இடைவெளியைப் பெரிதாக்குகிறது என்று கண்டனர். லியோபோல்டின் வரிசைக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அளவைகளின் துணை கிடைத்தது. எனினும் ‘மட்டுமே’ என்ற சொல்லை அதனோடு சேர்க்க முடியாது.

மேக்கின் வரலாறு

இப் புல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு எப்போது, எவ்வழியே வந்தது? ரிச்சர்டு மேக் என்ற தாவரவியலார் 1981-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இக் கேள்வியை எடுத்துக்கொண்டது. என் கருத்தில், களைகளைப் பற்றிய எழுத்துகளில் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டியவற்றுள் இது ஒன்று.

அவர் பயன்படுத்திய கருவி மிக எளியது. ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரச் சேமிப்பகங்களில், தாளில் ஒட்டிய பழைய செடிகள் அடுக்கடுக்காக உறங்குகின்றன. ஒவ்வொரு தாளிலும் இடமும் நாளும் எழுதியிருக்கும். அந்தத் தாள்களைத் திரட்டிக் காலவரிசைப்படுத்தி நிலப்படத்தில் குறித்தார் மேக். 1889-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்பென்சஸ் பிரிட்ஜ். 1893-இல் வாஷிங்டன் மாநிலத்து ரிட்ஸ்வில். 1894-இல் யூட்டாவின் புரோவோ. தொடக்கத்தில் இப்படித் தொலைவு தொலைவான சில புள்ளிகளே. பின்னர்ப் புள்ளிகள் பெருகுகின்றன, ஒன்றோடொன்று சேர்கின்றன. 1930-ஐ ஒட்டி, இன்று அது பரவியுள்ள எல்லையைப் பெரும்பாலும் எட்டிவிடுகிறது. நாற்பதே ஆண்டுகள்! கலப்பட விதைத் தானியம், சரக்குகளுக்கு மெத்தையாக வைத்த வைக்கோல், இருப்புப்பாதை, கால்நடை ஆகியவை வழிகள்.

அந்தப் புல்வெளி ஏன் இவ்வளவு எளிதில் தோற்றது என்பதற்கும் மேக் விடை தேடினார். ராக்கி மலைகளுக்குக் கிழக்கே பெருங்கூட்டமாகத் திரிந்த காட்டெருமை, மலைகளுக்கு மேற்கே அரிது. குளம்பு மிதியைத் தாங்கிப் பழகாத கொத்துப்புற்களின் மேல் ஆயிரக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் வந்து இறங்கின. இதனை 1982-இல் தாம்சன் என்பவரோடு சேர்ந்து தனிக் கட்டுரையாக விரித்துரைத்தார்.

இவ் வரலாற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தாவரம் சேகரிப்போர் எங்கே போவார்கள்? பாதையுள்ள இடத்துக்கு. இருப்புப்பாதையோரம் புல் கிடைத்தது என்றால், புல் அங்கிருந்ததாலா, சேகரித்தவர் அங்கிருந்ததாலா? விளக்குக் கம்பத்தின் அடியில் மட்டும் தேடினால், தொலைந்த காசுகள் எல்லாம் விளக்கடியில்தான் கிடைக்கும். மேலும், ஓரிடத்தில் தாள் இல்லை என்பதற்கு அங்கே புல் இல்லை என்று பொருளன்று. ‘முதலில் கண்ட ஆண்டு’ வேறு. ‘முதலில் வந்த ஆண்டு’ வேறு.

மேக்கின் பெருமை இங்கேதான் துலங்குகிறது. தம் முடிவைச் சோதிக்க, முற்றிலும் வேறொரு சான்றை அவரே தேடிச் சென்றார். நோவாக் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளரும் புல்லின் நொதிகளை ஒப்பிட்டார். மின்புலத்தில் புரதங்களை நகரவிட்டு, அவை எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்க்கும் முறை அது. மின்னூட்டம் மாறினால் நகரும் வேகமும் மாறும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே. தாயைப் போலவே சேய் இருக்கும் செடியாகையால், நொதிகளின் அமைப்பு கைரேகை போல வழிவழியாகத் தொடரும். இப் புல் ஒரே தடவை நுழைந்து பரவவில்லை. பல தடவை, வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது என்பதை 1991 முதல் 2001 வரை வந்த அவர்களுடைய கட்டுரைகள் காட்டின. தொலைவு தொலைவான புள்ளிகளில் தொடங்கிய பழைய நிலப்படத்தோடு இது ஒத்துப் போகிறது. தாளும் நொதியும் ஒன்றையொன்று அறியா. இரு தனிச் சாட்சிகள் ஒரே கதையைச் சொல்லும்போதுதான் நம் நம்பிக்கை வலுப்பெற வேண்டும்.

மூன்றா, எழுபத்தெட்டா?

இனித் தீயின் எண்களுக்கு வருவோம். இங்கேதான் எச்சரிக்கை மிகவும் தேவை.

நெவாடா, யூட்டா முதலிய மாநிலங்களில் விரியும் கிரேட் பேசின் என்னும் வறண்ட பெருநிலத்தில், சேஜ் என்னும் சாம்பல்நிறப் புதர்கள் இடைவெளிவிட்டு வளர்கின்றன. இடையே வெற்று மண் இருப்பதால் தீ தாவிப் பரவுவது கடினம். ஏமாற்றுப் புல் அந்த இடைவெளியை உலர்ந்த வைக்கோலால் நிரப்புகிறது. தீ ஓடுவதற்குப் பாய் விரித்தாயிற்று. எரிந்த பின் பெரிய சேஜ் புதர் அடியிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் மீள வேண்டும். புல்லோ அடுத்த மழையிலேயே முளைக்கிறது. புல் மிகுந்தால் தீ. தீ மிகுந்தால் மேலும் புல். ஒலிபெருக்கியின் முன் மைக்கைப் பிடித்தால் எழும் ஊளையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். வெளிவந்த ஒலியே உள்ளே சென்று மேலும் பெரிதாகி வெளிவருகிறது. இதுவும் அத்தகைய நேர்ப் பின்னூட்டமே. டி’அன்டோனியோவும் விட்டோசெக்கும் 1992-இல் எழுதிய கட்டுரை இதனைப் ‘புல்-தீ சுழற்சி’ என்ற பெயரில் உலகறியச் செய்தது.

சுழற்சி உண்டு என்பதில் ஐயமில்லை. எவ்வளவு வேகம் என்பதே கேள்வி. ஐடஹோ மாநிலத்துப் பாம்பாற்றுச் சமவெளியைப் பற்றி 1990-இல் விசனன்ட் எழுதிய கட்டுரை, முன்பு 60 முதல் 110 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்த நிலம் இப்போது 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிகிறது என்றது. உடலைச் சிலிர்க்க வைக்கும் எண்! அறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் அது ஓயாமல் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் போகிற வழியில் ‘பாம்பாற்றுச் சமவெளி’ என்ற இடப்பெயர் பல முறை உதிர்ந்து போயிற்று. ஒரு சமவெளிக்குரிய எண் மேற்கு முழுவதற்கும் உரியதாகிவிட்டது.

2013-இல் ஜெனிஃபர் பால்ச்சும் உடன் ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு கிரேட் பேசின் முழுவதையும் அளந்தனர். ஏமாற்றுப் புல் ஆதிக்கம் செலுத்தும் ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு அவர்கள் கண்ட சராசரித் தீ இடைவெளி 78 ஆண்டுகள். 3 எங்கே, 78 எங்கே! யாரோ ஒருவர் பெரும்பிழை செய்திருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். கற்பனைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிலத்தை 100 கட்டங்களாகப் பிரியுங்கள். பத்து ஆண்டுகள் கவனியுங்கள். இரண்டு கட்டங்கள் மும்மூன்று முறை எரிகின்றன. ஏழு கட்டங்கள் ஒவ்வொரு முறை எரிகின்றன. மற்ற 91 கட்டங்கள் எரியவே இல்லை. மொத்தம் 13 எரிவுகள். நூறு கட்டங்களைப் பத்தாண்டு பார்த்தோம். அதாவது 1,000 கட்ட-ஆண்டுகள். அதை 13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 77. நிலம் முழுவதற்கும் சராசரி இடைவெளி 77 ஆண்டுகள். அந்த இரண்டு கட்டங்களுக்கோ மூன்றே சொச்சம் ஆண்டுகள். ஒரே நிலம், ஒரே தீ, இரண்டு எண்களும் சரி! மும்முறை எரிந்த கட்டத்தில் நிற்பவர் ‘மூன்று’ என்பார். வானத்திலிருந்து பார்ப்பவர் ‘எழுபத்தேழு’ என்பார்.

ஆகவே எண்கள் முரண்படவில்லை. அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். பிழை, ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்கு எழுதுவதில் இருக்கிறது. 78 என்ற எண்ணுக்கும் குறை உண்டு. பதிவுக் காலம் 78 ஆண்டுகளைவிட மிகக் குறுகியது. எனவே அது கண்ணால் கண்ட இடைவெளியன்று, ஆண்டுதோறும் எரிந்த பரப்பிலிருந்து கணக்கிட்டது. மேலும் 78 என்று கேட்டதும் ‘அவ்வளவு மோசமில்லை’ என்று நிம்மதி அடைவோர், மீண்டும் மீண்டும் எரிந்து மீளாமற் போகும் கட்டங்களை மறந்துவிடுவார்கள்.

நிம்மதிக்கு இடமில்லை என்பதை அதே ஆய்வு சொல்கிறது. 2000-ஆம் ஆண்டுகளில் அங்கே எரிந்த மிகப் பெரிய 50 தீக்களில் 39-இல் இப் புல்லுக்குப் பங்கிருந்தது. 2018-இல் பெத்தானி பிராட்லியும் பிறரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பலமுறை எரிதலைத் தனியாகவே எண்ணிப் பார்த்தது. நிலப்பரப்பில் 15 விழுக்காட்டுக்கு மேல் இப் புல் மூடியிருக்கும் இடங்கள், மற்ற இடங்களைப் போல இரு மடங்கு எரியும் வாய்ப்புடையவை. ஒரு முறைக்கு மேல் எரியும் வாய்ப்போ நான்கு மடங்கு. நம் கற்பனைக் கணக்கில் மும்முறை எரிந்த இரண்டு கட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்குள் ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவந்தது இந்த ஆய்வின் சிறப்பு.

கண்ணாடித் தட்டும் காடும்

எண்ணைத் தவறாக நம்பினால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. வாஷிங்டன் மாநிலத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சில பாக்டீரியாக்கள், ஆய்வுக்கூடத்தில் ஏமாற்றுப் புல்லின் வேர் வளர்ச்சியைத் தடுத்தன. கோதுமை வயல் சோதனைகளிலும் பயன் தெரிந்தது. 1991-இல் கட்டுரை வெளியாயிற்று. பின்னர், சில ஆண்டுகளில் புல்வெளிகளிலிருந்தே இக் களையை ஒழிக்கலாம் என்ற நம்பிக்கை செய்திகளின் வழியே பரவிற்று. எரிந்த நிலங்களை மீட்கப் போராடும் நில நிருவாகிகள் எவ்வளவு ஆவலோடு கேட்டிருப்பார்கள்! பல இடங்களில் தெளித்தும் பார்த்தனர்.

பிற குழுவினர் பல மாநிலங்களின் புல்வெளிகளில், தெளித்த மனையையும் தெளிக்காத மனையையும் முறையாக ஒப்பிட்டார்கள். 2020-இல் வெளியான அவர்களது கட்டுரைகள் பலவும், புல் குறைந்ததாகத் தெரியவில்லை என்றே கூறின.

முதலில் ஆராய்ந்தவர்களைக் குறைகூற இதனை எழுதவில்லை. கண்ணாடித் தட்டில் வேர் குறுகியது காட்சி. ஆயிரம் மைல் புல்வெளியில் புல் ஒழியும் என்பது முடிவு. இடையிலுள்ள பள்ளத்தைச் செய்திகள் தாண்டிக் குதித்துவிட்டன. ‘பயன் தெரியவில்லை’ என்ற முடிவை வெளியிட்டவர்கள் அந்தப் பள்ளத்தை அளந்து காட்டினார்கள். தலைப்புச் செய்தியாகாத இத்தகைய கட்டுரைகள்தாம், அடுத்த முறை பணமும் காலமும் வீணாகாமல் காக்கின்றன.

களை என்பது யார்?

இவ்வெழுத்துகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பொதுக்குறை உண்டு. ஏமாற்றுப் புல் குற்றவாளிக் கூண்டில் நின்றபடியே அறிமுகமாகிறது. களையாதல் அதன் பிறவிக்குணம் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் படிந்துவிடும். அதே பேரினத்தைச் சேர்ந்த இரு புற்களைப் பாருங்கள்.

சிலி நாட்டில் மாப்புச்சே மக்கள் புரோமஸ் மாங்கோ என்ற புல்லைத் தானியமாகப் பயிரிட்டு உண்டார்கள். கோதுமையும் பார்லியும் வந்ததும் அது கைவிடப்பட்டது. 1837-இல் சீலோயே தீவில் கிளாட் கே என்ற இயற்கை ஆய்வாளர் கண்டதுதான் அது பயிராக இருந்ததற்குக் கடைசிப் பதிவு.

இங்கிலாந்துக்கே உரிய புரோமஸ் இன்டரப்டஸ், தீவன வயல்களில் களையாக வாழ்ந்தது. விதையைத் தூய்மைப்படுத்தும் முறைகள் சிறந்ததும் அதன் வழி அடைபட்டது. 1972-க்குப் பிறகு இயற்கையில் அதைக் காணவில்லை. சேகரித்து வைத்திருந்த விதையால் இனம் பிழைத்தது. 2004-இல் ஆக்ஸ்போர்டுஷயரின் ஆஸ்டன் ரோவன்ட் இயற்கைக் காப்பகத்தில் அது மீண்டும் விதைக்கப்பட்டது. ஒரு புரோமஸை ஒழிக்க ஒரு நாடு பாடுபடும் அதே காலத்தில், மற்றொரு புரோமஸை வாழவைக்க இன்னொரு நாடு பாடுபடுகிறது.

தானியம், அரிய செல்வம், கொடிய களை என்ற மூன்றும் ஒரே பேரினத்தில் இருக்கின்றன. செடி, நிலம், அந்நிலத்தில் மனிதர் செய்யும் வேலை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் களையை உண்டாக்குகின்றன. கூரைமேல் கிடந்த புல், மேய்ந்து குலைந்த நிலத்தைக் கண்டபோதுதான் தீயின் தோழனாயிற்று. இவ் வரிசையை மறந்தால், புல்லை ஒழிக்கும் மருந்தைத் தேடிக்கொண்டே இருப்போம்; புல் நுழைந்த வாசலை மூட மாட்டோம்.

முடிவாக

இந்த எழுத்துகளுள் எதற்கு முதலிடம் தரலாம்? உள்ளத்தைத் தொடுவதில் லியோபோல்டுக்கு. பரப்பை அளப்பதில் செயற்கைக்கோள் ஆய்வுகளுக்கு. ஆயினும் மாணவர் கையில் ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டுமானால் மேக்கின் 1981 கட்டுரையைத்தான் கொடுப்பேன். புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு. தாள் ஒவ்வொன்றையும் எவரும் சென்று பார்க்கலாம். பார்த்து மறுக்கவும் செய்யலாம். மறுக்கத்தக்க விதத்தில் எழுதுவது பலவீனமன்று. அறிவியல் எழுத்தின் நேர்மையே அதுதான்.

இனி எங்கேனும் ‘இத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை’, ‘இத்தனை விழுக்காடு’ என்ற எண்ணைக் காணும்போது, பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த இடத்தில் அளந்தார்கள்? எவ்வளவு காலம் அளந்தார்கள்? கண்டது எவ்வளவு, கணக்கிட்டது எவ்வளவு? விடை பக்கத்திலேயே இருந்தால் அந்த ஆசிரியர் உங்களை மதிக்கிறார். இல்லையென்றால், விதைப் பையைச் சலித்துப் பார்க்காமல் கோதுமைதான் புல்லாயிற்று என்று சொன்னவருக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே ஏமாற்றியது புல்லன்று.